மூன்றாவது ஆள் யாருங்க? அரசு வேலையும் ஊர்க்காசும்

எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பி (திருவிழாவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) முடிந்து கம்பம் எடுத்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கோயில் முன்னால் கணக்குப் படிப்பார்கள். குடிக்கு இவ்வளவு என்று வசூலான வரி எவ்வளவு, பந்தலுக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு, சீரியல் செட்டுக்கு எவ்வளவு என்று ஒருவர் நோட்டைப் பார்த்து வாசிப்பார். ஒரு வருடம் "ராக்காவலுக்கு மூணு ஆள் கூலி" என்று வாசித்ததும் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி கேட்டார்: "ஏனுங்க, ரெண்டு பேரு நின்னதைத்தானே நாங்க பார்த்தோம். மூணாவது ஆளு யாருங்க?"

வாசித்தவர் கோபித்துக்கொள்ளவில்லை. நோட்டைப் புரட்டி, மூன்றாவது ஆள் முதல் இரண்டு ராத்திரி மட்டும் நின்றவர் என்று பேரோடு சொன்னார். பாட்டி தலையாட்டிவிட்டு வெற்றிலையை மடித்தார். அவ்வளவுதான். ஆனால் அரசு வேலைக்கு ஆள் எடுப்பது பற்றியும், அரசுப் பணத்துக்குக் கணக்கு வைப்பது பற்றியும் யாராவது என்னிடம் கேட்டால் எனக்கு அந்தப் பாட்டிதான் ஞாபகத்துக்கு வருகிறார்.

ஞாயிறுகளில் எங்கள் ஊர் கிளை நூலகத்தில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளோடு உட்காருவது என் வழக்கம். பாதிப் பேர் வாரம் முழுக்க பனியன் கம்பெனியிலோ தறியிலோ வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள். அரசியலமைப்பின் 315ஆவது பிரிவு தேர்வாணையத்தைப் பற்றியது என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் ஒரு பையன் போன மாதம் கேட்டான்: "அண்ணா, எங்கக்கா பத்து வருசமா தொகுப்பூதியத்துல இருக்குது. அது எப்பங்ண்ணா பர்மனென்ட் ஆகும்?" தொகுப்பூதியம் என்றால் நிரந்தரம் இல்லாதவருக்கு மாதத்துக்கு ஒரே தொகையாகக் கொடுக்கும் சம்பளம். இந்தக் கேள்விக்கு எந்த கைடிலும் பதில் இல்லை. பதிலைச் சொல்ல வேண்டுமானால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சோமனூரில் ஒருவர் சொந்தமாகத் தறிப் பட்டறை வைத்திருக்கிறார். ஆள் வேண்டும் என்றால் மச்சான் மகனைக் கூப்பிட்டு நிறுத்திக்கொள்ளலாம். அவன் சரியாகத் தறி ஓட்டாவிட்டால் நட்டம் அவருக்கு. வெளியாள் கேட்க அதில் ஒன்றும் இல்லை. அரசாங்கத்தின் காசு அப்படிப்பட்டதல்ல. நோம்பிக் காசு போல அது எல்லோரும் கொடுத்த வரி. அதனால் இரண்டு கட்டுப்பாடுகள் தானாக வந்து சேர்கின்றன. ஒன்று, அந்த வேலைக்குத் தகுதியுள்ள எல்லோருக்கும் போட்டியிட ஒரே மாதிரி வாய்ப்பு இருக்க வேண்டும்; அரசியலமைப்பின் 14, 16ஆம் பிரிவுகள் சொல்வது இதைத்தான். இன்னொன்று, சம்பளமாகப் போகும் ஒவ்வொரு ரூபாயும் மக்கள் பிரதிநிதிகளின் சம்மதத்தோடு போக வேண்டும். ஆள் எடுப்பதைப் பற்றிப் பேசும்போது நாம் முதலாவதை மட்டும் பேசுகிறோம். வினாத்தாள் கசிவு, சிபாரிசு, லஞ்சம் என்று. இரண்டாவதையும் சேர்த்துப் பார்க்காமல் அந்தப் பையனின் அக்கா கதை விளங்காது.

பணியிடம் என்றால் என்ன?

பணியிடம் என்பது ஆளைக் குறிக்கும் சொல் அல்ல. ஆள் வந்து உட்காரும் நாற்காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாற்காலியை முதலில் ஒருவர் செய்ய வேண்டும். ஓர் அலுவலகத்துக்கு இன்னும் ஓர் இளநிலை உதவியாளர் தேவை என்றால், துறை காரணம் சொல்லிக் கருத்துரு அனுப்பும். நிதித் துறை அதைத் துருவிப் பார்க்கும்: இருக்கிற ஆட்களை வைத்துச் சமாளிக்க முடியாதா, இந்த வேலை எத்தனை வருடத்துக்கு இருக்கும், ஓய்வூதியம் வரை செலவு எவ்வளவு ஆகும். ஒப்புக்கொண்டால் அரசாணை வரும். அதில் பணியிடத்தின் பெயர், எண்ணிக்கை, ஊதிய நிலை, எந்தக் கணக்குத் தலைப்பில் செலவு எழுத வேண்டும் என்பது வரை இருக்கும். இதற்குத்தான் அனுமதிக்கப்பட்ட பணியிடம் என்று பெயர்.

அப்புறம் அந்தச் செலவு பட்ஜெட்டுக்குள் போக வேண்டும். சட்டமன்றத்தில் துறைவாரியாக மானியக் கோரிக்கை வைத்து, ஓட்டெடுத்து, நிதி ஒதுக்கச் சட்டம் நிறைவேறிய பிறகுதான் கஜானா திறக்கும். சட்டத்தின்படி அல்லாமல் தொகுப்பு நிதியிலிருந்து, அதாவது அரசின் வரவெல்லாம் போய்ச் சேரும் பொதுக் கணக்கிலிருந்து, ஒரு காசும் எடுக்கக் கூடாது என்று 266ஆவது பிரிவு கட்டிப்போட்டிருக்கிறது. பட்ஜெட் என்றதும் டெல்லி சமாச்சாரம் என்று ஒதுங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று வாசித்தவர் நம் கோயம்புத்தூர்க்காரர், ஆர்.கே.சண்முகம் செட்டியார். ஏழரை மாதத்துக்கான அந்தக் கணக்கில் எதிர்பார்த்த வருவாய் 171 கோடி சொச்சம், செலவு 197 கோடி சொச்சம். இன்றைக்கு ஒரு பெரிய மாநகராட்சியின் பட்ஜெட்டே அதைத் தாண்டிவிடும். தொகைதான் மாறியிருக்கிறது, வாசித்துவிட்டுச் சம்மதம் கேட்கும் முறை அப்படியே இருக்கிறது.

நாற்காலி வந்துவிட்டது. அதில் யாரை உட்கார வைப்பது? 309ஆம் பிரிவின் கீழ் வகுத்த பணி விதிகள் வயது, படிப்பு, முன்னுரிமை எல்லாவற்றையும் சொல்லும். அறிவிப்பு வெளியாக வேண்டும், விண்ணப்பம் வாங்க வேண்டும், எந்த இடம் எந்தப் பிரிவினருக்கு என்று வரிசை சொல்லும் இடஒதுக்கீட்டுச் சுழற்சிப்படி இடங்களைப் பிரிக்க வேண்டும், தேர்வு வைத்துப் பட்டியல் போட வேண்டும். இந்த வேலையை அமைச்சரிடமிருந்தும் துறையிடமிருந்தும் பிரித்துத் தனி அமைப்பிடம் கொடுப்பதில் சென்னை மாகாணம் முன்னோடி. மாகாண அளவில் 1929இலேயே சட்டம் போட்டு இங்கே தேர்வாணையம் வைத்தார்கள்.

ஒரு நாற்காலிக்கு எவ்வளவு மதிப்பு என்பதைக் கோவை 2019இல் பார்த்தது. மாநகராட்சியில் 549 தூய்மைப் பணியாளர் இடங்களுக்கு ஏறக்குறைய 7,000 பேர் வந்து நின்றார்கள். அதில் பொறியியல் படித்தவர்கள் இருந்தார்கள், பட்டதாரிகள் இருந்தார்கள், ஏற்கனவே ஒப்பந்தத்தில் பல வருடம் குப்பை அள்ளிக்கொண்டிருந்தவர்களும் இருந்தார்கள். தொடக்கச் சம்பளம் 15,700 ரூபாய். பொறியாளர் துடைப்பம் பிடிப்பதா என்று அப்போது பலர் ஆச்சரியப்பட்டு எழுதினார்கள். எனக்கு மனதில் நின்றது மற்றவர்கள்தான். அதே தெருவை அதே துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருந்தவர், நாற்காலி மட்டும் இல்லாததால், வரிசையில் புது ஆளாக நின்றார்.

கடைசியாகச் சம்பளம். அலுவலகம் மாதாமாதம் சம்பளப் பட்டியல் போட்டு அனுப்பும். அனுமதிக்கப்பட்ட இடம்தானா, ஒதுக்கீட்டில் பணம் இருக்கிறதா, ஒப்பம் போட்டவருக்கு அதிகாரம் உண்டா என்று கருவூலம் பார்த்துவிட்டுப் பணத்தை விடும். அந்தக் கணக்கு மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போகும். பிறகு தணிக்கை வரும். ஆக நான்கு விஷயங்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்: இடம், ஆள், வேலை, சம்பளம். பாட்டி கேட்டது இரண்டாவதையும் நான்காவதையும் பொருத்தித்தான். சம்பளம் மூன்றுக்குப் போயிருக்கிறது, ஆள் இரண்டுதான் தெரிகிறது.

வடக்கே நடந்தவை

இந்த நான்கில் ஏதாவது ஒன்று கழன்றால் என்ன ஆகும் என்பதற்கு நான் வட மாநிலங்களை எடுத்துக்கொள்கிறேன். சட்டத்தையே தெளிவாக்கிய பெரிய வழக்குகளும் போராட்டங்களும் பல அங்கேதான் நடந்தன. நம் திருப்பூரில் நம்மோடு நின்று வேலை செய்கிற பீகார், உத்தரப் பிரதேசத்துப் பிள்ளைகள் ஊரை விட்டு வந்ததற்கும் இந்தக் கதைகளுக்கும் தொடர்பு உண்டு என்றும் நான் நினைக்கிறேன். ஊரில் ஒழுங்காக ஒரு வேலை கிடைத்திருந்தால் எத்தனை பேர் இத்தனை தூரம் ரயிலேறி வந்திருப்பார்கள்?

ராஜஸ்தானில் தொடங்கலாம். 1990இல் தேவ்டுங்கிரி என்ற சின்ன ஊரை மையமாக வைத்து மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளர் அமைப்பு உருவானது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான அருணா ராய் சென்னையில் பிறந்தவர், ஐஏஎஸ் வேலையை விட்டுவிட்டுக் கிராமத்துக்குப் போனவர். பஞ்ச நிவாரண வேலைக்குப் போனால் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கொடுக்க மாட்டார்கள். கேட்டால், "நீ அளவுக்கு வேலை செய்யவில்லை, மஸ்டர் ரோலில் அப்படித்தான் இருக்கிறது" என்பார்கள். மஸ்டர் ரோலைக் காட்டு என்றால் அது அரசு ரகசியம் என்பார்கள். மஸ்டர் ரோல் என்பது வேறொன்றுமில்லை. யார் யார் எந்தெந்த நாள் வேலைக்கு வந்தார்கள், எவ்வளவு கூலி வாங்கினார்கள் என்ற வருகைப் பட்டியல்.

1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட்கிரானா கிராமத்தில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. கையில் கிடைத்த அரசுப் பதிவேடுகளின் நகல்களை ஊர் நடுவில் வைத்துச் சத்தமாக வாசித்தார்கள். பேர் வாசிக்க வாசிக்க ஊர்க்காரர்கள் எழுந்து சொன்னார்கள்: நான் அந்த வேலைக்கே போகவில்லை, இந்தக் கட்டடம் கட்டவே இல்லை. இப்படி அடுத்தடுத்து நடந்த விசாரணைகளில் இறந்துபோனவர்கள் பேரிலும் கூலி போயிருந்தது வெளியே வந்தது. நம் கோயில் திண்ணையில் நடப்பதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. படிக்காதவர்களுக்குக் கணக்குப் புரியாது என்று சொல்கிறவர்கள் அந்த விசாரணையின் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். 1996இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். அந்த வழியில்தான் 2005இல் தகவல் பெறும் உரிமைச் சட்டம் நாடு முழுவதுக்கும் வந்து சேர்ந்தது. தமிழ்நாடு 1997இலேயே முதல் மாநிலமாக அப்படியொரு சட்டம் போட்டது உண்மைதான். ஆனால் விதிவிலக்குகள் அதிகம் இருந்ததால் அதன் பயன் மக்கள் கைக்கு வரவில்லை. அந்த மஸ்டர் ரோல் சண்டை இல்லாவிட்டால் இன்று பத்து ரூபாயில் நாம் கேள்வி கேட்க முடியாது.

ராஜஸ்தானில் சம்பளம் போனது, ஆள் இல்லை. ஹரியானாவில் நடந்தது வேறு மாதிரி. 1999-2000இல் 3,206 இளநிலை ஆசிரியர் இடங்கள். இடங்கள் உண்மையானவை, ஒதுக்கீடு உண்மை, பள்ளிக்கூடம் உண்மை. ஆசிரியர்களும் வந்து பாடம் நடத்தினார்கள். கருவூலத்திலோ தணிக்கையிலோ இந்தக் கணக்கைப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் நிற்கும். ஆனால் தேர்வை மாநிலத் தேர்வாணையத்திடமிருந்து எடுத்து மாவட்ட அளவிலான குழுக்களிடம் கொடுத்திருந்தார்கள். அந்தக் குழுக்கள் போட்ட அசல் பட்டியல்களை எடுத்துவிட்டு, நேர்காணல் மதிப்பெண்களை மாற்றிய வேறு பட்டியல்களை வைத்தார்கள்.

இது வெளியே வந்தது, தொடக்கக் கல்வித் துறை இயக்குநராக இருந்த சஞ்சீவ் குமார் உச்ச நீதிமன்றத்துக்குப் போனதால். சிபிஐ விசாரித்தது. 2013 ஜனவரியில் டெல்லி சிறப்பு நீதிமன்றம் முன்னாள் முதல்வர் ஓம் பிரகாஷ் சௌதாலா, அவர் மகன் அஜய் சௌதாலா உட்பட 55 பேரைக் குற்றவாளிகள் என்றது. தந்தைக்கும் மகனுக்கும் பத்தாண்டு சிறை. புகார் கொடுத்த அதிகாரிக்கும் அதே பத்தாண்டு கிடைத்தது, அவரும் அந்த மோசடியில் பங்கெடுத்தவர் என்று நீதிமன்றம் கண்டதால். உச்ச நீதிமன்றம் 2015இல் இதில் தலையிட மறுத்தது. ஒரு முதல்வர் ஆசிரியர் நியமனத்துக்காக ஜெயிலுக்குப் போனார் என்பதுதான் எல்லோருக்கும் ஞாபகம். எனக்கு அசல் பட்டியலில் பேர் இருந்து, மாற்றுப் பட்டியலில் பேர் இல்லாமல் போனவர்கள்தான் ஞாபகம் வருகிறார்கள். நேர்காணல் மதிப்பெண் குறைவு என்று நினைத்து, தன்னையே நொந்துகொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள் அல்லவா?

இதைச் சொல்லும்போது நம் வீட்டையும் பார்க்க வேண்டும். 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் திடீரென்று முன்னிலைக்கு வந்தார்கள். சிறிது நேரத்தில் மறைந்துபோகும் மையால் விடைத்தாளில் குறித்துவிட்டு, பிறகு இடைத்தரகர்கள் சரியான விடைகளை நிரப்பியது தெரிந்தது. 99 பேருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. அங்கேயும் கணக்கில் ஒரு குறையும் வந்திருக்காது. பணத் தணிக்கை மட்டும் போதாது, ஆள் எடுத்த வழியையும் யாராவது பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இடம் இல்லாத ஆட்கள்

இனி அந்தப் பையனின் அக்கா. இங்கே ஆள் உண்டு, வேலை உண்டு, ஏதோ ஒரு சம்பளமும் உண்டு. இல்லாதது இடம் ஒன்றுதான்.

நம் அலுவலகங்களில் இதற்கு எத்தனை பேர்கள் பாருங்கள். நிரந்தரப் பணியாளருக்குக் காலமுறை ஊதியம். அங்கன்வாடி, சத்துணவு ஊழியர்களுக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம். அதற்கும் கீழே தொகுப்பூதியம், அதாவது அகவிலைப்படி, ஆண்டு உயர்வு எதுவும் தனியாக இல்லாமல் மாதத்துக்கு ஒரே தொகை. அப்புறம் மதிப்பூதியம், தினக்கூலி. எல்லாவற்றுக்கும் கடைசியில் அவுட்சோர்சிங். ஆள் அரசு அலுவலகத்தில் இருப்பார், முதலாளி ஒரு தனியார் முகமை. திருப்பூரில் காண்ட்ராக்டர் மூலம் செக்கிங்குக்கு ஆள் விடுவது போலத்தான். அரசு முகமைக்குப் பணம் கொடுக்கும், முகமை தன் கமிஷனை எடுத்துக்கொண்டு ஆளுக்குக் கொடுக்கும்.

கணக்குத் தெரிந்தவர்கள் இதில் ஒன்றைக் கவனிப்பார்கள். நிரந்தரப் பணியாளரின் ஊதியம் பட்ஜெட்டில் சம்பளங்கள் என்ற தலைப்பில் வரும். முகமைக்குப் போகும் பணம் சேவைக் கட்டணமாக வேறொரு தலைப்பில் வரும். அதனால் சம்பளச் செலவு குறைந்தது போலத் தெரியும், பணியாளர் எண்ணிக்கையும் குறைந்தது போலத் தெரியும். வேலை குறையவில்லை, ஆளும் குறையவில்லை, ஏட்டில் பக்கம் மட்டும் மாறியிருக்கிறது. இடஒதுக்கீட்டுச் சுழற்சியும் பணியிடத்தோடுதான் ஒட்டியிருக்கிறது. பணியிடமே இல்லாத இடத்தில் அதுவும் கைவிட்டுப் போகிறது. இதைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்.

சரி, நீதிமன்றம் என்ன சொல்கிறது? 2006 ஏப்ரல் 10 அன்று உமாதேவி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒரு கோடு போட்டது. கர்நாடகத்திலிருந்து போன வழக்கு அது. முறையான போட்டி இல்லாமல் உள்ளே வந்தவரை, பல வருடம் வேலை செய்தார் என்பதற்காக மட்டும் நிரந்தரம் ஆக்கச் சொல்ல முடியாது. அப்படிச் செய்தால் வெளியே காத்திருக்கும் மற்றவர்களின் சம வாய்ப்பு என்ன ஆவது? அதே தீர்ப்பு ஒரு கதவையும் திறந்து வைத்தது. அனுமதிக்கப்பட்ட இடத்தில், தகுதியோடு, நீதிமன்ற உத்தரவின் துணை இல்லாமல் பத்து வருடத்துக்கு மேல் இருந்தவர்களை ஒரு முறை மட்டும் முறைப்படுத்தலாம் என்றது. பிறகு வந்த பல அரசுகள் கோட்டைப் பிடித்துக்கொண்டன, கதவை மறந்துவிட்டன.

உத்தரப் பிரதேசத்தில் இதன் வலியைப் பெரிய அளவில் பார்க்கலாம். 1999 முதல் அங்கே கிராம அளவில் சிக்ஷா மித்ரா என்ற பெயரில், 11 மாத ஒப்பந்தத்தில், மதிப்பூதியத்துக்குப் பள்ளிகளில் ஆள் வைத்தார்கள். 2014க்குப் பிறகு 1.37 லட்சம் பேரை உதவி ஆசிரியர்களாக மாற்றினார்கள். ஆசிரியருக்கான குறைந்தபட்சத் தகுதியும் முறையான தேர்வும் இல்லை என்று 2017 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் அந்த மாற்றத்தை ரத்து செய்தது. ஆசிரியர் சம்பளம் வாங்கிப் பழகிய குடும்பங்கள் மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியத்துக்குத் திரும்பின. நீதிமன்றம் சொன்னது சட்டப்படி சரி. தகுதியுள்ள ஆசிரியர் கிடைப்பது பிள்ளைகளின் உரிமை. ஆனால் ஒரு மாநிலம் 15 வருடம் குறைந்த கூலிக்கு வேலை வாங்கிக்கொண்டு, முறையாக நாற்காலி செய்யாமல் விட்டதற்கான விலையை நாற்காலி இல்லாதவர்களே கொடுத்தார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

அண்மையில் காற்று கொஞ்சம் மாறியிருக்கிறது. பஞ்சாப் தற்காலிகப் பணியாளர்கள் வழக்கில் 2016 அக்டோபரிலேயே, ஒரே வேலை செய்கிறவருக்கு அந்தப் பதவியின் அடிப்படைச் சம்பளமாவது கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2024 டிசம்பரில், மத்திய நீர் ஆணையத்தில் பல வருடம் பெருக்கித் துடைத்த பெண்களின் வழக்கில், உமாதேவி தீர்ப்பை இப்படிப்பட்டவர்களுக்கு எதிரான கேடயமாகப் பிடிக்கக் கூடாது என்றது. 2025 ஆகஸ்டில் வந்த தரம் சிங் வழக்கைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். உத்தரப் பிரதேச உயர்கல்விப் பணி ஆணையத்தில் 1989க்கும் 1992க்கும் இடையில் தினக்கூலியாகச் சேர்ந்த கடைநிலை ஊழியர்களும் ஓர் ஓட்டுநரும் தொடுத்தது. கல்லூரிகளுக்கு முறைப்படி ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதற்கென்றே இருந்த ஆணையம் அது. பணியிடங்கள் வேண்டும் என்று ஆணையமே கேட்டது. நிதி நெருக்கடி என்று அரசு 1999இல் மறுத்தது, 2003இல் மறுபடி மறுத்தது. பணம் இல்லை என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு முப்பது வருடம் நிரந்தர வேலையைத் தினக்கூலிக்கு வாங்க முடியாது, அடிமட்ட ஊழியர் முதுகில் பட்ஜெட்டைச் சமன் செய்யக் கூடாது என்ற பொருளில் தீர்ப்பு வந்தது. 2002 முதல் அவர்களை முறைப்படுத்தச் சொன்னது. இடம் இல்லாவிட்டால் உருவாக்கச் சொன்னது.

ஆக அந்தப் பையனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "உங்க அக்கா எந்த அரசாணைப்படி சேர்ந்தாங்கன்னு முதல்ல பாரு தம்பி. அந்த ஆணையில பணியிடம்னு ஒண்ணு இருக்குதா, எந்தக் கணக்குத் தலைப்புல சம்பளம் போகுதுன்னு கேட்டு வாங்கிட்டு வா. மத்ததெல்லாம் அப்புறம்." அடுத்த வாரமே கொண்டுவந்துவிட்டான். அதில் என்ன இருந்தது என்பது அவர்கள் வீட்டு விஷயம், அதனால் இங்கே எழுதவில்லை.

கணக்கைக் கேட்பது யார்?

மாநிலத்தின் வரவு செலவை இந்திய கணக்கு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவர் தணிக்கை செய்கிறார். சுருக்கமாக சிஏஜி. 148 முதல் 151 வரையான பிரிவுகள் அந்தப் பதவிக்கானவை. அறிக்கை ஆளுநருக்குப் போய், சட்டமன்றத்தில் வைக்கப்படும். அங்கே உறுப்பினர்களைக் கொண்ட பொதுக் கணக்குக் குழு அதைக் கையில் எடுத்துக்கொண்டு செயலாளர்களைக் கூப்பிட்டுக் கேட்கும். நாடாளுமன்றத்தில் 1967 முதல் எதிர்க்கட்சி உறுப்பினரை அந்தக் குழுவுக்குத் தலைவராக்குவது வழக்கம். ஊராட்சி, நகராட்சிகளுக்கு மாநிலத்தின் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை இருக்கிறது. தணிக்கையில் ஒரு செலவை ஏற்காவிட்டால் தணிக்கைத் தடை எழுதுவார்கள். அதற்குப் பதில் சொல்லி நீக்கிக்கொள்ளாவிட்டால் அது வருடக்கணக்கில் ஏட்டில் நிற்கும்.

தணிக்கை அறிக்கையை வாசிப்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். பீகாரைப் பற்றி 2025 ஜூலையில் வந்த சிஏஜி அறிக்கை, 2024 மார்ச் 31 நிலவரப்படி 70,877 கோடி ரூபாய்க்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் வரவில்லை என்றது. உடனே 70,000 கோடி ஊழல் என்று தலைப்புகள் பறந்தன. பிள்ளையைக் கடைக்கு அனுப்புகிறோம். சாமான் வாங்கி வந்தானா, பில் எங்கே என்று கேட்கிறோம். பில் தரவில்லை என்றால் காசைத் திருடிவிட்டான் என்று ஆகிவிடாது. வாங்கினானா இல்லையா என்று நமக்குத் தெரியாது என்றுதான் ஆகும். அந்தத் தெரியாமைதான் ஆபத்து. கல்வி, உள்ளாட்சி போன்றவற்றுக்குப் போன பணத்தில் எவ்வளவு ஆட்களின் சம்பளமாகப் போனது, எவ்வளவு கட்டடமாகப் போனது, எவ்வளவு எங்கே போனது என்று சொல்ல ஆதாரம் இல்லாமல் போகிறது. பில்லே இல்லாத வீட்டில் மூணாவது ஆள் யாருங்க என்று கேட்டாலும் பதில் வராது.

நமக்குப் பக்கத்தில் இருப்பது கிராம சபை. தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவை அங்கே வைக்க வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துக் கலைவதற்கு முன்னால், மேல்நிலைத் தொட்டி இயக்குபவர் எத்தனை பேர், தூய்மைக் காவலர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு எந்தக் கணக்கிலிருந்து மாதம் எவ்வளவு போகிறது என்று கேட்கலாம். அவர்களே பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் வாயால் கேட்க முடியாததை நாம் கேட்கலாம்.

நகராட்சி, மாநகராட்சி என்றால் தகவல் பெறும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுத வேண்டும். 30 நாளில் பதில் தர வேண்டும். ஊழியர் பட்டியல், மாத ஊதியம், ஒதுக்கப்பட்ட நிதி ஆகியவற்றை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடுவது நல்லது. கேள்வி சின்னதாக, எண்ணிக்கையாக இருக்க வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள்.

நூலகத்துப் பிள்ளைகளும் நானும் சேர்ந்து பக்கத்து உள்ளாட்சி ஒன்றுக்கு அப்படி ஒரு மனு போட்டோம். தூய்மைப் பணிக்கு அனுமதிக்கப்பட்ட இடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை என்று முதல் கேள்வி. முகமை மூலம் எத்தனை பேர் என்று இரண்டாவது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு முகமைக்கு எவ்வளவு கொடுக்கப்படுகிறது என்று மூன்றாவது. ஆள் கைக்கு எவ்வளவு போனது என்பதற்கான கூலிப் பட்டியல், பிஎஃப், இஎஸ்ஐ கட்டிய ரசீதுகளின் நகல் வேண்டும் என்று நான்காவது. முதல் மூன்றுக்கும் பதில் வந்தது. நான்காவதற்குத் தனிநபர் தகவல் என்று மறுத்துவிட்டார்கள். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவில் கை வைத்து, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று ஆக்கியிருக்கிறது. மஸ்டர் ரோலுக்காகப் போராடியவர்கள் அதை எதிர்ப்பதன் காரணம் அன்றைக்கு எங்களுக்கு நேராகவே விளங்கியது.

பிள்ளைகள் கொஞ்ச நேரம் சோர்ந்துதான் போனார்கள். அப்புறம் பிஎஃப், இஎஸ்ஐ சீட்டைப் பார்த்துப் பழகிய பனியன் கம்பெனிப் பெண் ஒருத்தி சொன்னாள்: "பேரு எதுக்குங்ண்ணா நமக்கு? எத்தன பேருக்குக் கட்டினாங்க, மொத்தம் எவ்வளவு கட்டினாங்கன்னு மட்டும் கேட்போம். முதல் பதில்ல சொன்ன ஆள் கணக்கோட அதை வெச்சுப் பார்த்தாப் போதாதுங்களா?" போதும். பேர் வேண்டாம், மாதவாரியாக எண்ணிக்கையும் மொத்தத் தொகையும் மட்டும் போதும் என்று கேட்டு முதல் மேல்முறையீட்டை அவளே தன் கையெழுத்தில் எழுதினாள். போன செவ்வாய்க்கிழமை பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஒப்புகை அட்டை வந்துவிட்டது. பதில் வர இன்னும் நாள் இருக்கிறது.